தரை காயட்டும், பிறகு மாடு வாங்கு
கல்வராயன் மலையில் புதிதாகக் கறவை மாடு வளர்ப்பவர்களுக்குச் சில அறிவுரைகள்

மரவள்ளி விற்ற காசிலோ குழுக் கடனிலோ முதல் கறவை மாட்டை வாங்கி, கச்சிராயபாளையத்திலிருந்து டெம்போவில் கரியாலூருக்கு ஏற்றி வருகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். மாடு என்ன தின்னும், எத்தனை லிட்டர் கறக்கும் என்று எல்லோரும் விசாரிக்கிறீர்கள். எங்கே படுக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

1. கறவை மாடு ஒரு நாளில் 10 முதல் 14 மணி நேரம் வரை படுத்திருக்க வேண்டும். அதைச் சோம்பல் என்று நினைக்காதே. ஒரு லிட்டர் பால் ஊற 400, 500 லிட்டர் ரத்தம் மடி வழியாக ஓடியாக வேண்டும். மாடு படுத்திருக்கும்போது அந்த ஓட்டம் கூடுகிறது, அசை போடுவதும் அப்போதுதான் நன்றாக நடக்கிறது. மத்தியானம் கொட்டகைக்குள் எட்டிப் பார். தீனி தின்று முடித்த மாடு படுக்காமல் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தால் தரையில் ஏதோ கோளாறு.

2. செல்போனில் பார்க்கிற கொட்டகை வீடியோக்கள் பெரும்பாலும் சமவெளிக்காரர்களுக்கானவை. மின்விசிறி, தண்ணீர் தெளிப்பான் என்று வெயிலைப் பற்றியே பேசும். கள்ளக்குறிச்சிக்கும் சின்னசேலத்துக்கும் அது சரி. நமக்கு முதல் எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் மழை, மார்கழியில் பனிமூட்டம். நனைந்த தரை பல நாள் காய்வதில்லை. அதனால் சரிவில் கொட்டகை போடுகிறவன் முதலில் மேட்டுப்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து வரும் மழைத்தண்ணீரை ஒதுக்கிவிட வேண்டும். தரையைச் சுற்றுமண்ணைவிட ஓர் அடியாவது உயர்த்து. மாட்டின் பின்பக்கம் நோக்கி 40 அடிக்கு ஓர் அடி வாட்டம் கொடு. அதற்கு மேல் சரித்தால் மாடு நிற்கத் தடுமாறும், குறைத்தால் மூத்திரம் தேங்கும். சாணக்குழி பள்ளத்துப் பக்கம், கொட்டகையை விட்டுத் தள்ளி இருக்கட்டும்.

தரை சரியா என்று தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம். மாடு படுக்கிற இடத்தில் நீயே முழங்காலைத் தொப்பென்று ஊன்றி உட்கார். வலித்தால் மாட்டுக்கும் வலிக்கும். எழுந்ததும் வேட்டியைப் பார். நனைந்திருந்தால் மாட்டின் மடியும் நனைகிறது, மடிநோய்க்கு அது போதும்.

3. மண் தரை மெத்தென்று இருக்கும், ஆனால் குழி விழுந்து சேறாகும். அடிக்கடி மண் கொட்டி இடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிமென்ட் போடுகிறாய் என்றால் வழவழப்பாகத் தேய்க்காதே, கோடு கீறி விடு. கெட்டித் தரையில் படுக்கும் மாட்டுக்குப் பின்னங்கால் முட்டியில் முடி உதிரும், பிறகு புண்ணாகும், வீங்கும். ரப்பர் மேட் போடலாம். போட்டதோடு விட்டுவிடாமல் தூக்கி அடியில் கழுவிக் காயவிடு. இல்லாவிட்டால் அங்கே மூத்திரமும் புழுவும்தான். காசு இல்லையா? காய்ந்த சாமைத் தாளும் சருகும் போதும். நனைந்ததை அன்றாடம் அள்ளிவிட்டுப் புதிது பரப்பு.

4. கயிறு. இதில்தான் அதிகம் பேர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். மாடு எழும்போது முன்னங்காலை மண்டியிட்டு, தலையை இரண்டு மூன்று அடி முன்னால் வீசி, பின்பக்கத்தை முதலில் தூக்கும். முன்னால் சுவர் இடித்தாலோ கயிறு இழுத்தாலோ அது முடியாது. அப்புறம் நாய் உட்கார்வதுபோல் முன்பக்கத்தைத் தூக்கித் திணறி எழும். அப்படி ஒரு மாட்டைப் பார்த்தால் நோய் என்று ஊசிக்கு ஓடுவதற்கு முன் கயிற்றை நீட்டிப் பார். ஒரு பசுவுக்குக் கூரைக்குக் கீழ் மூன்றரை சதுர மீட்டர், திறந்தவெளியில் 7 சதுர மீட்டர் என்பது பொதுவான கணக்கு. திறந்தவெளியில் வேலி கட்டி அவிழ்த்து விட முடிந்தால் இன்னும் நல்லது. அந்த வேலிக்கு எட்டும் தூரத்தில் மரவள்ளி நடாதே. பச்சைத் தழையில் நஞ்சு உண்டு, மாட்டைச் சாய்த்துவிடும்.

5. குளிருக்குப் பயந்து நான்கு பக்கமும் சாக்கைக் கட்டி மூடுகிறார்கள். வளர்ந்த மாடு குளிரைத் தாங்கும். மூத்திர நெடி தேங்கிய காற்றைத்தான் தாங்காது. காலையில் உள்ளே போய் மாட்டின் மூக்கு மட்டத்துக்குக் குனிந்து மூச்சை இழு. கண் எரிந்தால் சாக்கை அவிழ். வடகிழக்குக் காற்றும் சாரலும் வருகிற பக்கம் மட்டும் மாட்டின் உயரத்துக்கு மறைத்து, அதற்கு மேல் திறந்து விடு. கன்றுக்குட்டி கதை வேறு. அதன் உடம்பில் அவ்வளவு சூடு இல்லை, கனமாகத் தாள் பரப்பி, காற்றுப்படாத மூலையில் வை.

6. பங்குனி, சித்திரையில் நமக்கும் வெயில் உண்டு. கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தால் உள்ளே வெயில் குறைவாக விழும். தகரம் போட்டால் அதன்மேல் புல் வேய்ந்துவிடு. மாடு மூச்சிரைக்கிறதா என்று விலாவைப் பார்த்து எண்ணு: நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் ஐரோப்பாவின் குளிர்நாட்டு இனம், பால் அதிகம், சூடு ஆகாது. சிறிய உடம்புள்ள ஜெர்சிக் கலப்பு நம் மேட்டுக்கும் தீனிக்கும் போதும் என்பது என் கட்சி.

7. தண்ணீர் எப்போதும் தொட்டியில் நிற்கட்டும். ஒரு லிட்டர் பாலுக்கு நான்கு லிட்டராவது குடிக்கும். இருவேளை கழுநீர் காட்டினால் போதாது.

8. கறந்தவுடன் மாட்டைப் படுக்க விடாதே. காம்பின் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும். அந்த நேரத்துக்குப் பசுந்தீவனத்தைப் போட்டால் நின்றுகொண்டே தின்னும்.

9. சாணம் அள்ளுவதும் கறப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். கொட்டகை எங்கே, வாசல் எந்தப் பக்கம், தொட்டி எவ்வளவு உயரம் என்று முடிவு செய்யும்போது மட்டும் அவர்களை யாரும் கேட்பதில்லை. கேளுங்கள், பாதிப் பிழை அங்கேயே தீரும்.

10. நூறு நாள் வேலைத் திட்டத்தில் தனிநபர்களுக்கு மாட்டுக்கொட்டகை கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது என்ன உதவி கிடைக்கும் என்று வெள்ளிமலை ஒன்றிய அலுவலகத்தில் விசாரி. கிடைத்தாலும் வாய்க்காலும் வாட்டமும் உன் பொறுப்பு. மாடு விழுந்துவிட்டால் 1962-க்குக் கூப்பிடு, கால்நடை மருத்துவ வண்டி வரும். மலைப்பாதையில் அது வந்து சேர நேரம் பிடிக்கும் என்பதால் தாமதிக்காமல் கூப்பிடு. பெரிய சந்தேகங்களுக்குத் தலைவாசல் கூட்டுரோட்டில் 2021-ல் திறந்த கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, போய்வரக்கூடிய தூரம்தான்.

காசு கொஞ்சம்தான் என்றால் இரண்டு மாட்டுக்குப் பதில் ஒன்று வாங்கு, மிச்சத்தைத் தரைக்குப் போடு. ஒரு மழை பெய்யட்டும். மறுநாள் தரை காய்ந்திருந்தால் சந்தைக்குக் கிளம்பு.