பழைய கணினியில் டிபக்கர் செயலிழந்தால்

நிரல் எழுதிப் பழகும் மாணவர்களுக்கு ‘டிபக்கர்’ என்னும் பிழையறி கருவி உற்ற துணையாகும். நிரலில் ஓர் இடத்தைக் குறித்துவிட்டால், ஓட்டம் அங்கு வந்ததும் நிற்கும்; அப்போதைய மதிப்புகளைப் பார்த்துப் பிழையைக் கண்டறியலாம். அந்த இடத்தை ‘பிரேக்பாயிண்ட்’, அதாவது நிறுத்தப்புள்ளி என்பர். பழைய கணினிகள் சிலவற்றில், நிரல் அங்கே நிற்பதற்குப் பதிலாக டிபக்கரே செயலிழந்து விடுவதுண்டு. அதனால் கணினியே பயனற்றது என ஒதுக்கி, புதியது வாங்கச் செலவிடுவோர் உளர். அதற்கு முன் காரணத்தை முறையாக ஆராய்வது நன்று.

நிறுத்தப்புள்ளியில் நடப்பது என்ன?

இன்டெல் வகைச் செயலிகளில், குறித்த கட்டளையின் முதல் பைட்டை டிபக்கர் எடுத்து வைத்துக்கொண்டு, அவ்விடத்தில் 204 என்னும் எண்ணை எழுதுகிறது. செயலி அதை எட்டியதும் ஓட்டம் நின்று, டிபக்கருக்கு அறிவிப்புச் செல்கிறது. பெயர்கள், வரி எண்கள் அடங்கிய குறிப்புகளை டிபக்கர் விரிவாகப் படிப்பதும், மாறிகளின் மதிப்புகளைத் திரட்டுவதும் பெரும்பாலும் அப்போதுதான். வேலைப்பளு மிகும் அக்கணத்தில், அதுவரை மறைந்திருந்த குறை வெளிப்படுகிறது.

ஆராயும் முறை

1. ஐந்தாறு வரிகள் கொண்ட சிறு நிரலில் சோதிக்கவும். அதில் சரியாக நின்றால், பெரிய நிரலின் குறிப்புகளே சுமையாகின்றன எனக் கருத இடமுண்டு. தேவையான கோப்புகளுக்கு மட்டும் குறிப்புகளை உருவாக்கி, மாறிகளைத் தானாகக் காட்டும் சாளரங்களை மூடிவிட்டால் நினைவகச் சுமை குறையும்.

2. ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற செய்தி வந்தால், செயலி அறியாத கட்டளை டிபக்கரில் இருக்கிறது என்று பொருள். எஸ்எஸ்இ2 கட்டளைகள் 2000ஆம் ஆண்டில் பெண்டியம் 4 செயலியுடன் வந்தவை. பெண்டியம் 3 அவற்றை அறியாது. அச்செயலிக்கு ஏற்ற பழைய பதிப்பை நிறுவுவதே தீர்வு.

3. டிபக்கர் பழையது, கம்பைலர் புதியது என்றால் குறிப்புகளின் வடிவம் பொருந்தாமல் போகலாம். ‘டுவார்ஃப்’ வடிவத்தின் 5ஆம் பதிப்பு 2017இல் வெளிவந்தது. 4ஆம் பதிப்பில் எழுதுமாறு கம்பைலரைப் பணித்துப் பார்க்கவும்.

4. 1985இல் வந்த 80386 முதல், செயலிக்குள்ளேயே நான்கு நிறுத்தப்புள்ளிகளுக்கு இடமுண்டு. அவற்றைப் பயன்படுத்தினால் 204 எழுத வேண்டியதில்லை. அப்போதும் டிபக்கர் செயலிழந்தால், குறை நின்றபின் நடக்கும் வேலையில் உள்ளது.

5. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் செயலிழந்தால், நினைவகச் சில்லுகளைச் சோதிக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவை ஏட்டில் குறித்து வருக. பலவற்றை ஒருசேர மாற்றினால், குறை நீங்கினாலும் காரணம் விளங்காது. காரணம் விளங்கினால், பழைய கணினியும் இன்னும் சில மாணவர்களுக்குக் கல்வி தரும்.