துயரத்தை எண்ணிப் பார்க்க முடியுமா?

மழையை மில்லிமீட்டரில் அளக்கிறோம். காய்ச்சலைத் தெர்மாமீட்டரில் அளக்கிறோம். ஓர் ஊரே துக்கத்தில் ஆழ்ந்தால் அதை எதைக் கொண்டு அளப்பது?

எமில் துர்கைம் என்ற பிரெஞ்சுச் சமூகவியல் அறிஞர் 1912-ல் ஒரு கருத்தை வெளியிட்டார். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களின் இழவுச் சடங்குகளைப் பற்றி மற்றவர்கள் எழுதிவைத்ததைப் படித்து அவர் கண்ட முடிவு இது: கூடி அழும்போது துயரம் வெறுமனே வடிந்துவிடுவதில்லை, அழுதவர்களிடையே பிணைப்பு வலுப்படுகிறது. (பாவம், இவருடைய ஒரே மகன் முதல் உலகப் போரில் 1915-ல் மாண்டார். அந்த அடியிலிருந்து மீளாமலே 1917-ல் துர்கைமும் இறந்தார்.)

கருத்து சரி, சோதிப்பது எப்படி? இழவு வீட்டில் நோட்டுப் புத்தகத்துடன் போய் உட்கார முடியுமா? நூறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஒரு வழி கிடைத்தது.

2015 நவம்பர் 13 இரவு பாரிஸ் நகரில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களில் 130 பேர் கொல்லப்பட்டனர். மக்கள் தம் மனத்திலிருந்ததையெல்லாம் ட்விட்டரில் (இன்று அதன் பெயர் எக்ஸ்) கொட்டினார்கள். டேவிட் கார்சியா, பெர்னார் ரிமே என்ற ஆய்வாளர்கள் 62,114 பேருடைய பதிவுகளை ஆராய்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டனர். முறை எளிதுதான். துயரம், அச்சம், சினம், ஒற்றுமை என ஒவ்வொன்றுக்கும் ஒரு சொற்பட்டியல். எந்தப் பட்டியலின் சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று கணிப்பொறி எண்ணும். பிறகு, தாக்குதலுக்கு முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். சிலர் எப்போதுமே புலம்புகிறவர்கள் அல்லவா?

துயரச் சொற்கள் உயர்ந்தன; இது எதிர்பார்த்ததே. ஒற்றுமையைக் குறிக்கும் சொற்களோ பல மாதங்கள் உயர்ந்தே இருந்தன. அதிலும், பொதுத் துயரில் அதிகம் கலந்துகொண்டவர்களிடமே பின்னர் உதவியையும் உறவையும் பற்றிய சொற்கள் கூடுதலாகக் காணப்பட்டன. துர்கைமின் கருத்தோடு இது பொருந்துகிறது. ஆனால் 'அழுததால்தான் ஒன்றுபட்டார்கள்' என்று நிரூபணம் ஆகிவிடவில்லை. இயல்பிலேயே பரிவு மிக்கவர்கள் இரண்டையும் செய்திருக்கலாமே!

இன்னொரு சிக்கலும் உண்டு. "சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது" என்று எழுதுங்கள். கணிப்பொறி 'கண்ணீர்' என்பதைத் துயரக் கணக்கில் சேர்த்துவிடும். இது வேடிக்கையல்ல. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் தாக்குதல் நடந்தபோது பேஜர் கருவிகளுக்கு வந்த செய்திகளை ஜெர்மன் ஆய்வாளர்கள் 2010-ல் எண்ணினர். நேரம் ஆக ஆக மக்களின் சினம் ஏறிக்கொண்டே போனது என்றனர். மறு ஆண்டு சிந்தியா பியூரி என்ற உளவியலாளர் அச்செய்திகளைக் கண்ணால் படித்துப் பார்த்தார். ஏறத்தாழ 6,000 செய்திகள், பழுதான ஒரு கணிப்பொறியை மீண்டும் இயக்கச் சொல்லி ஓர் இயந்திரம் தானாகவே ஒரே பேஜருக்கு அனுப்பியவை! அவற்றில் இருந்த 'கிரிட்டிக்கல்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'நெருக்கடியான' என்றும் பொருள், 'குற்றம் காணும்' என்றும் பொருள். பட்டியலோ அதைச் சினச் சொல்லாக வைத்திருந்தது.

நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு வாரத்து நாளிதழ்களிலுள்ள கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களைச் சேர்த்து, மரணத்தைக் குறிக்கும் சொற்களை எண்ணுங்கள். 'காலமானார்', 'இயற்கை எய்தினார்', 'இறைவனடி சேர்ந்தார்' என்றெல்லாம் வரும். 'சேர்ந்தார்' என்பது சாவைச் சொல்கிறது என்று கணிப்பொறிக்கு எப்படிக் கற்பிப்பீர்கள்? விளம்பரமே கொடுக்காத வீட்டின் துயரம் உங்கள் கணக்கில் எங்கே வரும்? ஒன்று மட்டும்: குறிப்பேட்டில் பெயர்களை எழுத வேண்டாம். அந்த வீட்டார் அதை உங்கள் ஆய்வுக்காக அச்சிடவில்லை.