சூரியன் சாய்ந்தால் எக்செல் கணக்கும் சாயும்!

காற்றைக் கடந்து வரும் சூரிய ஒளி எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட ஒரு புரோகிராம் எழுதினேன். பகலுக்குச் சரியான விடை தந்தது. அந்திக்கு மட்டும் ஏறக்குறைய இருட்டு! இரண்டு நாள் தேடிய பிறகுதான் தெரிந்தது, தவறு ஃபார்முலாவில்.

நீங்களும் எக்செலைத் திறந்து பாருங்கள். ஏ1 செல்லில் 60 என டைப் செய்யுங்கள். உச்சியிலிருந்து சூரியன் சாய்ந்துள்ள கோணம் இது. பி1 செல்லில், அதன் காஸ் மதிப்பால் 1-ஐ வகுங்கள். (எக்செலின் காஸ் ஃபங்ஷனுக்கு டிகிரி புரியாது, ரேடியன்ஸ் ஃபங்ஷன் மூலம் மாற்றித் தாருங்கள். நானும் முதலில் இதில்தான் ஏமாந்தேன்.) விடை 2. அதாவது, சூரியன் உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல் இரண்டு மடங்கு காற்றை ஒளி கடக்கிறது. 89 தந்தால் 57.3. 90 தந்தால் பிழைச் செய்திகூட வராது; 17 இலக்க எண் ஒன்று வந்து நிற்கும்!

இந்த ஃபார்முலா பூமியைத் தட்டை என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் காற்று மண்டலமும் பூமியோடு வளைந்திருக்கிறது. காஸ்டன், யங் இருவரும் 1989-இல் தந்த திருத்தம் இது: 96.07995-இலிருந்து கோணத்தைக் கழித்து, மைனஸ் 1.6364 அடுக்குக்கு உயர்த்தி, 0.50572-ஆல் பெருக்கி, காஸ் மதிப்புடன் கூட்டுங்கள். பிறகு 1-ஐ அதனால் வகுங்கள். இப்போது 89-க்கு 26.3, 90-க்கு சுமார் 38.

ஒரு மடங்கு காற்று 10 சதவீத ஒளியைத் தடுக்கிறது என்று வையுங்கள். 89 டிகிரியில் பழைய கணக்குப்படி 0.24 சதவீத ஒளிதான் வந்து சேரும், திருத்தியபடி 6.3 சதவீதம். 60 டிகிரி வரை பழையதே போதும், வித்தியாசம் தெரியாது.