விஸ்லரில் ஒரு பனிக்காலம்: வேலைக்கும் சறுக்கலுக்கும் சில குறிப்புகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவருக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது விஸ்லர். 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சறுக்குப் போட்டிகள் நடந்த ஊர். நவம்பர் கடைசியில் லிஃப்ட் ஓடத் தொடங்கினால் ஏப்ரல் தாண்டியும் ஓடும். அந்தப் பருவத்துக்கென்றே பல நாட்டு இளைஞர்கள் வந்து ஹோட்டலிலும் உணவகத்திலும் லிஃப்ட் வாசலிலும் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரமெல்லாம் சறுக்குவார்கள்.

புதிதாக வருகிறவர்கள் குளிரை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். குளிரைச் சமாளித்துவிடலாம். இங்கே ஆளை வீழ்த்துவது ஈரம். பசிபிக் கடல் பக்கத்தில் இருப்பதால் பனியே கனமாக, ஈரமாக விழும். ஊர் இருப்பது 670 மீட்டர் உயரத்தில். பிளாக்கோம் மலையின் உச்சி லிஃப்ட் 2,284 மீட்டரில். மேலே பனி கொட்டுகிற அதே நேரத்தில் கீழே மழை பெய்து உங்களை நனைத்துவிடும். பருவம் முழுக்க உடம்பு தாங்குமா என்பது அறைக்குள் எதையெல்லாம் ஒழுங்காகக் காய வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கீழே உள்ள குறிப்புகளில் சில அதைப் பற்றித்தான்.

1. முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். கனடாவின் வொர்க்கிங் ஹாலிடே அனுமதி சில நாடுகளுக்கு மட்டும்தான். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு அது கிடையாது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே குடியுரிமை பெற்ற நம் பிள்ளைகள் 18 முதல் 35 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம். டொராண்டோவிலேயே வளர்ந்தவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. ‘விசாவோடு வேலை வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். வேலை தருவதற்காக வேலை தேடுகிறவரிடம் பணம் வாங்குவது இந்த மாகாணத்தில் சட்டவிரோதம்.

2. மருத்துவக் காப்பீட்டை, தங்கப்போகும் காலம் முழுவதற்கும் ஒரே தவணையில் எடுங்கள். 6 மாதத்துக்கு மட்டும் எடுத்து வந்தால் விமான நிலையத்தில் வேலை அனுமதியையும் 6 மாதத்துக்கே வெட்டிவிடுவார்கள். பிறகு நீட்ட முடியாது. பனிச்சறுக்கு விபத்துக்குக் காப்பீடு உண்டா என்று தாளிலேயே படித்துப் பாருங்கள். எல்லைக் கயிற்றுக்கு வெளியே நடந்த விபத்துக்குப் பல நிறுவனங்கள் பணம் தருவதில்லை.

3. வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தோடு சூரியனையும் கணக்கில் எடுங்கள். டிசம்பரில் லிஃப்ட் காலை 8.30 மணிக்குத் திறந்து பிற்பகல் 3 மணிக்கே மூடிவிடும். நாலேகாலுக்குப் பொழுது சாய்ந்துவிடும். ஹோட்டல் அறை சுத்தம் செய்யும் வேலை என்றால் சரியாக அந்த நேரத்தில்தான் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பீர்கள், விடுமுறை நாளில் மட்டும்தான் மலை. மாலை உணவக வேலைதான் சறுக்குகிறவர்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து: காலை முழுக்க மலையில் இருக்கலாம், டிப்ஸும் வரும். மது பரிமாற ‘சர்விங் இட் ரைட்’ சான்றிதழ் வேண்டும். ஆன்லைனிலேயே எழுதி, வருவதற்கு முன் வாங்கிவிடுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களிலும் பிப்ரவரியின் அமெரிக்க விடுமுறை வாரத்திலும் லீவு கேட்காதீர்கள், கிடைக்காது.

4. வீடு உறுதியாகாமல் விமானம் ஏறாதீர்கள். இந்த ஊரில் வேலை சுலபமாகக் கிடைக்கும், அறை கிடைக்காது. நிறுவனமே தங்குமிடம் தந்தால் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதையே எடுங்கள். வெளியே எடுத்தால், முன்வைப்புத் தொகை அரை மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. குடியேறும் நாளில் சுவர்க்கீறல், அடுப்புக் கறை எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவையுங்கள்.

5. வந்த வாரமே ‘சின்’ எனப்படும் சமூகக் காப்பீட்டு எண்ணை வாங்குங்கள். தற்காலிகமாக வந்தவர்களின் எண் 9-இல் தொடங்கும். ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு, 12-ஐத் தாண்டினால் இரட்டைக் கூலி. வேலை செய்த நேரத்தை நீங்களும் ஒரு நோட்டில் குறித்துவைத்தால் சம்பளச் சீட்டோடு ஒப்பிடலாம்.

6. பருத்தி வேண்டாம். பனியனும் ஜீன்ஸும் வியர்வையை உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். லிஃப்டில் உட்கார்ந்ததும் நடுக்கம் தொடங்கிவிடும். உடம்பையொட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர், நடுவில் ஃப்ளீஸ், மேலே தண்ணீர் புகாத ஜாக்கெட். காலுக்கு ஒரே ஒரு மெல்லிய ஸ்கீ சாக்ஸ். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் பூட்ஸுக்குள் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் இன்னும் சில்லிட்டுப்போகும்.

7. ஸ்கீ பூட்ஸ் பராமரிப்புக்குத் தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வெளியே தெரிவது கெட்டிப் பிளாஸ்டிக் கூடு. உள்ளே மெத்தென்ற லைனர் இருக்கும். கூடு காய்ந்ததுபோல் தெரியும், லைனரின் கட்டைவிரல் முனையில் கை விட்டுப் பார்த்தால் ஈரம் பிசுபிசுக்கும். நனைந்த நாளில் லைனரைத் தனியே உருவி, அடிப்பாதத் தகட்டையும் எடுத்து, சின்ன மின்விசிறிக்கு முன்னால் வாய் அகல விரித்து வையுங்கள். ஹீட்டர் மேல் வைக்காதீர்கள்; பசை விட்டுவிடும், நுரை சுருங்கும். விசிறி இல்லாதபோது செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். காய்ந்ததும் லைனரைப் பொருத்தி, கொக்கிகளை லேசாக மாட்டி வையுங்கள். திறந்தே கிடந்தால் கூட்டின் வடிவம் மாறிவிடும். பால்கனியிலோ காரிலோ இரவு விடாதீர்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துக்கொண்டால் காலையில் கால் நுழையாது.

8. கையுறையைக் காலி பாட்டிலின் மேல் விரல் மேலே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள். இரண்டு ஜோடி இருந்தால் நல்லது.

9. ஜாக்கெட்டைச் சாதாரண சோப்புத்தூளில் துவைக்காதீர்கள். தூளின் மிச்சம் துணியில் தங்கி, தண்ணீரை உருண்டோடச் செய்யும் பூச்சைக் கெடுக்கும். சலவை மென்மையூட்டி கூடவே கூடாது. அதற்கென்று விற்கும் திரவத்தில் அலசி, லேபிளில் அனுமதி இருந்தால் டிரையரில் மிதமான சூட்டில் சுற்றவிடுங்கள். அந்தச் சூட்டில் பூச்சு மறுபடி உயிர் பெறும்.

10. ஸ்கீயின் எஃகு விளிம்பு ஒரே இரவில் துருப்பிடிக்கும். வாசலிலேயே பழைய துண்டால் துடைத்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கை நீங்களாகத் திருகாதீர்கள். உயரம், எடை, வயது, பூட்ஸ் நீளம், சறுக்கும் திறமை பார்த்துக் கடைக்காரர் வைப்பார். எடையையோ திறமையையோ கூட்டிச் சொன்னால், விழும்போது கால் கழன்றுகொள்ள வேண்டிய இடத்தில் கழலாமல் முழங்கால்தான் முறுக்கும்.

11. அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூளை மலைக்கு ஏறுவதற்கு முன்பே சர்ரேயிலோ வான்கூவர் மெயின் தெருவின் பஞ்சாபி மார்க்கெட்டிலோ வாங்கிவிடுங்கள். பகிர்ந்துகொள்ளும் சமையலறையில் தாளிப்புக்குத் தனி முறை வேண்டும். முதலில் புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். எண்ணெய் புகைவதற்கு முன்பே கடுகைப் போட்டு மூடுங்கள். மிளகாய் வற்றலை அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். புகை எச்சரிக்கை மணி அலறினால் கட்டடத்தில் உள்ள எல்லோரும் நடுராத்திரி பனியில் போய் நிற்க நேரிடும். மணியைத் துணியால் மூடுவதோ பேட்டரியைக் கழற்றுவதோ உயிரோடு விளையாடுவது.

12. மலை மேல் சாப்பாடு விலை அதிகம். உருளைக்கிழங்கு மசாலா வைத்துச் சுருட்டிய சப்பாத்தியைத் தாளில் பொதிந்து ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள். உடம்புச் சூட்டில் மதியம்வரை மெத்தென்றே இருக்கும். சின்ன ஃபிளாஸ்கில் மிளகு ரசம்.

13. மேகமூட்டமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் பூசுங்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்திலும்கூடத் தோல் கருகும். கறுப்புத் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்ற பேச்சை நம்பாதீர்கள்.

14. செல்போனை உள்பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று படுத்துவிடும்.

15. மரங்களுக்கு நடுவே ஒருபோதும் தனியாகச் சறுக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால், அடிமரத்தைச் சுற்றி இறுகாத பனி நிறைந்த ஆழமான குழி உண்டாகும். மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. தலைகீழாக விழுந்தால் அசைய அசைய பனி மேலே சரிந்து மூச்சை அடைக்கும். தானாக வெளியே வருவது மிகக் கடினம். துணைக்கு வருகிறவர் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். கீழே போய்க் காத்திருப்பவரால் மேலே ஏறி உங்களைக் காப்பாற்ற முடியாது. கழுத்தில் ஒரு விசில் போடுங்கள். விழப்போகிறோம் என்று தெரிந்தால் கிளையையோ அடிமரத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டால் துடிக்காமல், முகத்துக்கு முன்னால் கையால் இடம் உண்டாக்கி மெதுவாக மூச்சு விடுங்கள். மூடிய பாதையின் கயிற்றைத் தாண்டுகிற நண்பனை விட்டுவிட்டு வருவதில் வெட்கமே இல்லை.

16. குப்பையை வாசலில் வைக்காதீர்கள். கருங்கரடிகள் உலவும் ஊர் இது. குளிர்காலத்தில் பெரும்பாலானவை குகையில் இருந்தாலும், பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நடமாட்டம் உண்டு. மனிதக் குப்பையின் ருசி கண்ட கரடியைக் கடைசியில் சுட நேரிடுகிறது. கரடி திறக்க முடியாத தொட்டியில் போட்டு, தாழ்ப்பாள் விழுந்ததா என்று இழுத்துப் பாருங்கள்.

17. துணி, பாத்திரம், ஸ்கீ சாமான்களை நெஸ்டர்ஸ் பகுதியில் உள்ள ரீ-யூஸ்-இட் சென்டரில் தேடுங்கள். ஊரின் சமூகச் சேவைச் சங்கம் நடத்தும் பழைய பொருள் கடை அது. ஹெல்மெட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். ஒருமுறை பலமாக அடிபட்டது அடுத்த அடியைத் தாங்காது. அதே சங்கம் உணவு வங்கியும் ஆலோசனைச் சேவையும் நடத்துகிறது. ஜனவரியில் வேலை நேரம் குறைந்து, வெயிலும் இல்லாமல், ஊர் நினைவு வாட்டும்போது தயங்காமல் போய்ப் பேசுங்கள்.

18. ஊரைவிட்டுக் கிளம்புமுன் முதலாளியிடம் நிலையான முகவரியும் மின்னஞ்சலும் கொடுங்கள். டி4 என்ற வருமானச் சீட்டு காலண்டர் ஆண்டுப்படி வரும். நவம்பர், டிசம்பர் சம்பளத்துக்கு ஒன்று, அடுத்த பிப்ரவரி இறுதிக்குள் வந்துவிடும். ஜனவரியிலிருந்து சம்பாதித்ததற்கான இரண்டாவது சீட்டு அதற்கடுத்த ஆண்டுதான் வரும். அப்போது நீங்கள் வேறு ஊரில் இருப்பீர்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 30. பிடித்தம் செய்த வரியில் ஒரு பகுதி திரும்ப வர வாய்ப்பு உண்டு என்பதால், கனடா வங்கிக் கணக்கை அதுவரை மூடாதீர்கள்.