திகிற்படங்களின் வகைகள்

“மர்மப் படங்கள் எல்லாம் ஒன்றுதானே! ஒரு கொலை, ஓர் இருட்டறை, ஒரு துப்பறிவாளர்!” என்று நண்பர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொலை ஒன்றாக இருக்கலாம். ஆனால் அதைக் காட்டும் முறை ஒன்றன்று. ஆங்கிலத்தில் ‘திரில்லர்’ எனப்படும் திகிற்படங்களின் உட்பிரிவுகளை எவ்வாறு பிரித்தறிவது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

கதை நிகழும் களத்தை வைத்து வகுப்பது பொது வழக்கு. நீதிமன்றத்தில் நடப்பது வழக்குப் படம். ஆட்சியாளரின் சூழ்ச்சியைக் கூறுவது அரசியல் திகில். ஒற்றர் வந்தால் உளவுப் படம். இப்பகுப்பு தவறன்று. ஆயினும், நம் நெஞ்சு ஏன் துடிக்கிறது என்பதை இது விளக்கவில்லை. ஆதலால் நான் வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். கதையில் மறைந்து கிடக்கும் உண்மையை அறிந்தவர் யார்? அறியாதவர் யார்? இவ்வினாவிற்கு விடை மாறுந்தோறும் படத்தின் வகையும் மாறுகிறது.

1. துப்பறியும் படம்

இங்கே உண்மையைக் குற்றவாளி அறிவான், நாம் அறியோம். எஸ். பாலசந்தர் இயக்கி, 1954-இல் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘அந்த நாள்’ இதற்குத் தக்க சான்று. இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையில் ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன் சுட்டுக் கொல்லப்படுகிறான். மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, நாட்டியக்காரி, அண்டை வீட்டுக்காரர் ஆகிய ஐவர்மீதும் ஐயம் எழுகிறது. ஒருவர் கூற்று மற்றொருவர்மேல் ஐயத்தைத் திருப்புகிறது. பாட்டும் நடனமும் இல்லாமலேயே படம் நம்மைக் கட்டிப்போடுகிறது. கொன்றவர் யார் என்பதை ஈண்டுக் கூறேன். கூறினால் இன்னும் படத்தைப் பாராத நண்பர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்! இவ்வகைப் படத்தின் வலிமையும் குறையும் அதுவே. விடை தெரிந்தபின் புதிர் தளர்ந்துவிடும்.

2. தவிப்புப் படம்

இங்கே நிலைமை தலைகீழாகிறது. உண்மையை நாம் அறிவோம், கதைமாந்தர் அறியார். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் திரூபோவுடன் 1962-இல் நடத்திய உரையாடலில் அழகாக விளக்கினார். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் அது வெடித்தால், பதினைந்து விநாடி அதிர்ச்சியே மிஞ்சும். குண்டு இருப்பதை நமக்கு முன்பே காட்டிவிட்டால், மேசையைச் சுற்றி நடக்கும் வெறும் பேச்சும் பதினைந்து நிமிடத் தவிப்பாகிவிடும் என்பது அவர் கருத்து.

‘அந்த நாள்’ இயக்கிய அதே பாலசந்தர் 1964-இல் ‘பொம்மை’ எடுத்தார். குண்டு மறைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறிச் செல்கிறது. வாங்குவோர் மகிழ்கின்றனர், நாம் நடுங்குகிறோம். ஒரே கலைஞர் இருவேறு முறைகளையும் கையாண்டதால், இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பாடம்.

இம்முறை நமக்குப் புதிதன்று. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லனே என்பது சிலப்பதிகாரம் கற்போர்க்குத் தெரியும், கோவலனுக்குத் தெரியாது. அவன் அப்பொற்கொல்லனையே நம்பிச் சிலம்பைக் காட்டும்போது நாம் தவிக்கிறோம் அல்லமோ?

3. துரத்தற் படம்

இங்கே நாயகன் குற்றமற்றவன் என்பதை அவனும் நாமும் அறிவோம், உலகம் அறியாது. ஹிட்ச்காக்கின் ‘முப்பத்தொன்பது படிகள்’ (1935) படத்தில், தன் இருப்பிடத்தில் ஒரு பெண் கொலையுண்டதால் பழி சுமந்த நாயகன் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு ஓடுகிறான். ஒற்றரும் துரத்துகின்றனர், காவலரும் துரத்துகின்றனர். உண்மையைச் சொல்ல வாயிருந்தும், அதை நம்பும் செவி இல்லாமையே இவ்வகையின் உயிர்.

4. மனத்திகிற் படம்

இவ்வகையில் ஒருவர் தாம் அறிந்ததையே ஐயுறத் தொடங்குகிறார். ‘கேஸ்லைட்’ (1944) படத்தில் விளக்கொளி மங்குவதை மனைவி கண்ணாரக் காண்கிறாள். எல்லாம் அவளுடைய மனமயக்கமே என்று அவளை நம்பவைக்கிறான் கணவன். இந்தியில் ‘வோ கௌன் தீ’ (1964), அதன் தமிழ் வடிவமான ‘யார் நீ?’ (1966) ஆகியவற்றில், எதிரே நிற்பவள் பெண்ணா பேயா என்று நாயகன் கலங்குகிறான். ஈண்டுக் குற்றவாளியைக் காட்டிலும் கொடியது, தன் கண்ணையே நம்ப முடியாத நிலை.

5. கலப்பு வகை

சிறந்த படங்கள் ஒரே கூட்டுக்குள் அடங்குவதில்லை. ஜீத்து ஜோசப் மலையாளத்தில் இயக்கிய ‘திருசியம்’ (2013), அவரே தமிழில் எடுத்த ‘பாபநாசம்’ (2015) ஆகியவற்றை நோக்குக. குடும்பம் மறைக்கும் செயலை நாம் அறிவோம், காவல்துறை அறியாது. ஆகவே தவிக்கிறோம். ஆனால் ஒரு செய்தியை மட்டும் நாயகன் நம்மிடமிருந்தும் மறைத்துவைக்கிறான். தவிப்புப் படத்தினுள் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது.

அறிவும் பரிவும்

இப்பகுப்பினால் பயன் என்ன? அறிவு எப்பக்கமோ, பரிவும் பெரும்பாலும் அப்பக்கமே சாய்கிறது என்பதை இதனால் உணர்கிறோம். ‘சைக்கோ’ (1960) படத்தில், கொலையை மறைக்க ஒருவன் காரைச் சேற்றில் அமிழ்த்துகிறான். கார் பாதியில் நின்றுவிடுகிறது. அப்போது, ‘ஐயோ, மூழ்கவில்லையே!’ என்று நம் மனம் பதைக்கிறது. கொல்லப்பட்டவளுக்காகச் சற்றுமுன் கலங்கிய அதே மனம்! நீதியை விரும்பும் நாம், ‘பாபநாசம்’ பார்க்கையில் காவலர் தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறோம். இயக்குநர் எதை, எப்போது, யாருக்குச் சொல்கிறார் என்பதே நம்மை அவ்வாறு சாய்த்துவிடுகிறது.

இது திரைக்கு மட்டும் உரியதன்று. செய்தித்தாளில் ஒரு வழக்கைப் படிக்கும்போதும், விடுதியில் ஒரு பூசலைக் கேட்கும்போதும், யார் கதையை முதலில் கேட்டோமோ அவர் பக்கமே நிற்கிறோம். ஆகவே, நண்பர்களே, அடுத்த முறை திகிற்படம் காணும்போது, “எனக்கு என்ன தெரியும்? அவனுக்கு என்ன தெரியும்? எனக்கு இதை இப்போது ஏன் சொன்னார்கள்?” என்ற மூன்று வினாக்களையும் கேட்டுப் பாருங்கள். படத்தின் வகை விளங்கும். நம் மனம் எவ்வழியாகச் சாய்க்கப்பட்டது என்பதும் விளங்கும்.