ஜாடி மூடியில் ஒரு முகம்

ஒரு ஓவியத்தை எப்படிப் பார்ப்பது என்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால இந்த மாதம் ஒரே ஒரு ஓவியம், மூணே ஸ்டெப். நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருக்கும் மவுரிட்ஸ்ஹாய்ஸ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் கிளாரா பீட்டர்ஸ் என்று தேடுங்க. சீஸ், பாதாம், பிரெட்ஸெல் இருக்கும் படம். 1615 வாக்கில் வரைந்தது. அகலம் 49.5 செ.மீ., உயரம் 34.5 செ.மீ. நம்ம ஏ3 ஷீட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

ஸ்டெப் 1: என்னென்ன இருக்குன்னு எண்ணுங்க. அடுக்கி வைத்த சீஸ், அதன் மேல் ஒரு தட்டில் சுருள் சுருளாக வெண்ணெய், ரொட்டி, பாதாம், அத்திப்பழம், உலர் திராட்சை. ஆள் யாரும் இல்லை. இப்படிப் பொருட்களை மட்டும் வரைவதுதான் 'ஸ்டில் லைஃப்'.

ஸ்டெப் 2: எது எங்கிருந்து வந்ததுன்னு கேளுங்க. சீஸும் வெண்ணெயும் அந்த ஊர்ச் சரக்கு. பாதாமும் அத்தியும் மத்தியதரைக்கடல் பக்கத்து விளைச்சல். பழத்தட்டு சீனப் பீங்கான். கண்ணாடிக் கோப்பை வெனிஸ் பாணி. கப்பல் வணிகம் முழுக்க ஒரே மேஜையில் இருக்கு.

ஸ்டெப் 3: இப்போ ஜூம் பண்ணுங்க. பின்னால் இருக்கும் ஜாடியின் உலோக மூடியைப் பாருங்க. நகத்தளவுகூட இல்லாத ஒரு முகம் தெரியுதா? அது கிளாராவேதான். மூடி வெளிப்பக்கம் வளைந்திருப்பதால் கான்வெக்ஸ் மிரர் மாதிரி வேலை செய்கிறது. பிம்பம் நேராக, ஆனா சின்னதாக விழும். அப்படியே முன்னால் இருக்கும் வெள்ளிக் கத்திக்கு வாங்க. பிடியில் அவர் பெயர் பொறித்திருக்கு.

ஏன் இந்த வேலை? அந்தக் காலத்தில் மாடலை நிறுத்தி மனித உடலை வரையப் பழகும் வாய்ப்பு பெண்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. பெரிய வரலாற்றுப் படங்களுக்குத்தான் மரியாதை. சாப்பாட்டு மேஜைப் படம் கடைசி வரிசை. அந்தக் கடைசி வரிசையில் நின்றுகொண்டே, 'இதை வரைந்தது நான்' என்று ரெண்டு இடத்தில் பதிவு பண்ணிட்டார். அவரைப் பற்றிய ஆவணங்கள் மிகக் குறைவு. 1819-இல் திறந்த மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம், ஒரு பெண் ஓவியருக்கென முதல் தனிக் கண்காட்சி வைத்தது 2016-இல்தான். அது இவருக்கு.

மூணாவது வருஷம் எங்க டீம் போஸ்டரில் என் பேர் விட்டுப்போச்சு. ரெண்டு ராத்திரி சால்டரிங் பண்ணியது நான். "பரவால்ல, விடு"ன்னு சொல்லிட்டேன். இந்த மூடியைப் பார்த்த பிறகு, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுன்னு தோணுது.

ஹோம்வொர்க்: நாளைக்கு மெஸ்ஸில் எவர்சில்வர் டம்ளரைப் பாருங்க. உங்க முகம் எந்த இடத்தில், எவ்வளவு சின்னதாகத் தெரியுதுன்னு வரைந்து அனுப்புங்க. கீழே உங்க பேரையும் மறக்காம எழுதுங்க.