கணினியும் தேதி வாசிப்பும்

பொருள்களை உணருங்கால் அறிவுக்கு நேரும் குற்றம் இரண்டு. ஒன்று ஐயம்; மற்றொன்று திரிபு. மங்கிய மாலையில் தொலைவில் நிற்பது குற்றியோ மகனோ என மயங்குவது ஐயம். கிடக்கும் பழுதையைப் பாம்பென்றே துணிவது திரிபு. ஐயமுற்றவன் அருகிற் சென்று பார்ப்பான். திரிபுணர்ந்தவனோ தான் உணர்ந்ததே மெய்யெனக் கொண்டு ஒழுகுவான். ஆகலின், ஐயத்தினும் திரிபே கொடிது என்பது பெறப்படும். தமிழ் மாணவர் நன்கறிந்த இவ்வேறுபாடு, புள்ளிவிவரங்களைக் கணினியில் ஏற்றி ஆராய்வார்க்கும் பெரிதும் பயன்படுவது. அதனைத் தேதி வாசிப்பு ஒன்றனைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கோப்பில் எழுதப்பட்டுள்ள தேதி, கணினிக்கு முதற்கண் வெறும் எழுத்துத் தொடரேயாம். இரு தேதிகளுக்கிடையே எத்தனை நாள் கழிந்தன என்றறிய வேண்டின், அத்தொடரை நாள், மாதம், ஆண்டு எனப் பிரித்துப் பொருள்கொண்டு எண்ணாக மாற்றுதல் வேண்டும். யுனிக்ஸ் முறையைத் தழுவிய கணினிகள் 1970 ஜனவரி முதல் நாள் தொட்டுக் கழிந்த நொடிகளை எண்ணுகின்றன. எண்ணாகிய பின்னர்க் கூட்டலும் கழித்தலும் எளியன. இடரெல்லாம் எழுத்து எண்ணாகும் அவ்வொரு படியிலேயே உள்ளது. அவ்விடர் மூவகைத்து.

முதலாவது, வரிசை பற்றியது. 03/04/2021 என்பதை நாம் ஏப்ரல் 3 எனப் படிப்போம். அமெரிக்கர் மார்ச்சு 4 எனப் படிப்பர். நாளெண் 12ஐக் கடந்துவிடின் மயக்கத்திற்கு இடமில்லை. மாதந்தோறும் முதற் பன்னிரண்டு நாட்களே மயங்குவன. அவை ஆண்டொன்றுக்கு 144 ஆகும். 1/1, 2/2 போல எவ்வாறு படிப்பினும் வேறுபடாத 12 நாட்களை நீக்க, 132 நாட்கள் எஞ்சும். எனவே, ஆண்டில் மூன்றிலொரு பங்கினும் மிகுதியான தேதிகள் இருபொருள் படுவன.

இரண்டாவது, ஆண்டைச் சுருக்கி எழுதுதல். ஆண்டை ஈரிலக்கத்தால் எழுதிய விடத்து, பைத்தான் மொழி 69 என்பதை 1969 எனவும், 68 என்பதை 2068 எனவும் கொள்ளும். ஆகவே, 1968இற் பிறந்தார் ஒருவர் இன்னும் பிறவாதவராகி விடுவர்! நம் முன்னோரது அறுபதாண்டுச் சுழற்சியிலும் இவ்விடர் உண்டு. குரோதி ஆண்டு என்று மட்டும் ஓர் ஏட்டிற் கண்டால், அது 1904இல் தொடங்கியதோ, 1964இல் தொடங்கியதோ, 2024இல் தொடங்கியதோ என்பது பெயரளவிற் புலனாகாது.

மூன்றாவது, நேரத்தின் இடம். உலகப் பொதுநேரப்படி 2023 டிசம்பர் 31 இரவு 8 மணி என்பது, ஐந்தரை மணி முற்பட்ட இந்திய நேரப்படி 2024 ஜனவரி 1 அதிகாலை 1.30 ஆகும். எவ்விடத்து நேரம் என்னும் குறிப்பு விடுபட்டால், நாளும் மாதமும் ஆண்டும் ஒருங்கே பிறழும்.

இனி, இவற்றாற் போதரும் தீங்கை நோக்குவோம். ஒரு நோயாளி 03/02/2021 அன்று மருத்துவமனையிற் சேர்ந்து 05/02/2021 அன்று வீடு திரும்பினார் எனக் கொள்க. அவர் தங்கியது இரண்டு நாள். மாதத்தை முன்வைத்துப் படிக்கும் கணினியோ, மார்ச்சு 2 முதல் மே 2 வரை 61 நாள் எனக் கூறும். கணினி நின்றுவிடவில்லை, பிழையென்று அறிவிக்கவுமில்லை. அவ்வெண்ணின்மேல் எழுந்த சராசரியும், அச்சராசரியின்மேல் எழுந்த முடிவும் ஐயத்திற்கு இடமின்றியே பொய்யாகின்றன. இதுவே திரிபு.

பைத்தானிற் பயிலும் பாண்டாஸ் என்னும் நிரற்றொகுதி, 2023இல் வெளிவந்த 2.0 பதிப்புக்கு முன்னர், ஒவ்வொரு தேதியையும் தனித்தனியே ஊகித்து வந்தது. அதனால், 12/01/2021 டிசம்பர் 1 ஆகவும், அடுத்த வரியிலுள்ள 13/01/2021 ஜனவரி 13 ஆகவும் கொள்ளப்படும். அப்பதிப்பு முதல், முதற்றேதியின் வடிவமே ஏனையவற்றிற்கும் அளவாகக் கொள்ளப்படுகின்றது. பொருந்தாதது வரின் பிழை கூறி நிற்கும். திரிபாய் ஒழிந்திருந்ததை ஐயமாக வெளிப்படுத்தியதே இம்மாற்றத்தின் நன்மை.

தேதியல்லாததைத் தேதியெனக் கொள்ளுதலும் உண்டு. ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்னும் மரபணுப் பெயர்களை எக்ஸெல் மார்ச்சு 1 எனவும் செப்டம்பர் 2 எனவும் மாற்றிவிட்டது. எக்ஸெல் வடிவில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கில் இத்தகு பிழை இருந்தமையை 2016இல் ஆய்வாளர் கண்டு வெளியிட்டனர். ஈற்றில், 2020இல் அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்ற நேர்ந்தது.

இத்திரிபினின்று தப்பும் வழி யாது? கல்வெட்டுக் காலக்கணிப்பு இதற்கொரு நல்லாசான். கல்வெட்டுக்கள் பல, அரசனது ஆட்சியாண்டோடு கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியவற்றையும் உடன் கூறும். 1922இல் வெளிவந்த இந்தியன் எபிமெரிஸ் என்னும் பெருநூலில், எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள நாட்களுக்கு இவற்றைக் கணித்துத் தந்தார். ஒன்றோடொன்று ஒத்துவரும் நாளே மெய்ந்நாள், ஒவ்வாதது விலக்கப்படும். முற்கூறிய 03/04/2021இன் பக்கத்திற் சனிக்கிழமை என்றொரு சொல் இருந்தால், ஐயம் உடனே தீரும். அவ்வாண்டில் ஏப்ரல் 3 சனி, மார்ச்சு 4 வியாழன் ஆதலின்.

ஆகவே, ஆராய்வார் கைக்கொள்ளத்தக்கன வருமாறு: தேதியின் வடிவத்தைக் கணினி ஊகிக்க விடாது தாமே வரையறுத்துக் கூறுக. மூல எழுத்தை அழியாது தனி நிரலில் வைத்திடுக. படிக்க இயலாதவற்றை வெற்றிடமாக விட்டு, அவை எத்துணை என எண்ணுக. மிக முந்திய தேதியையும் மிகப் பிந்திய தேதியையும் எடுத்துப் பார்க்க. சேர்ந்த நாளுக்கு முன்னரே திரும்பினவர் உளரோ எனத் தேடுக. புதிதாய் எழுதுவார், 1988இல் வெளியிடப்பட்ட ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் உலக நெறிப்படி, 2021-04-03 என ஆண்டு, மாதம், நாள் என்னும் முறையில் எழுதுக. அவ்வாறு எழுதியவற்றை எழுத்தளவில் வரிசைப்படுத்தினும் கால வரிசையே அமையும்.

கணினி வாய்திறந்து கூறும் பிழைக்கு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. அதனைத் திருத்த வழியுண்டு. அஞ்சத்தக்கது, அது வாய்வாளாது தரும் விடையே. இன்று நாம் எழுதும் தேதியை நாளை நம்மை அறியாதார் ஒருவர் படிப்பர். நம்மை வினவித் தெளிய அவர்க்கு வாயில் இராது. ஆதலின், அவர் ஐயந்திரிபற உணருமாறு எழுதி வைத்தல் கற்றார் அனைவர்க்கும் கடனாகும்.